காசு போச்சு, சேதி போகலை

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. ஆபீஸில் ஆணி அதிகம். அதில் பாதி, பொட்டி தட்டுகிற கண்மணிகள் அடிச்சுட்டுப் போனது. பிடுங்குறது மட்டும் நான். அந்தக் கடுப்பில்தான் இந்தப் பதிவு. படிக்கிறவங்க வீட்டுக்கு வீடு ஒரு சாஃப்ட்வேர்காரர் இருப்பார்னு தெரியும். உள்குத்து எதுவும் இல்லை, எல்லாம் நேர்குத்துதான் :-)

"கணக்குல கழிஞ்சிருச்சு, ஆனா போய்ச் சேரலை." இந்த வாக்கியத்தைச் சொல்லாத வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பம் ஒண்ணு இருந்தா கை தூக்குங்க. ஊருக்கு அனுப்பின பணம், பிள்ளைக்குக் கட்டின ஃபீஸ், பஸ் டிக்கெட், கரண்ட் பில், ஏதோ ஒண்ணுல மாட்டியிருப்பீங்க. கேட்டா ஒரே பதில்: "நெட்வொர்க் ப்ராப்ளம் சார், வெயிட் பண்ணுங்க, வந்துரும்."

போன வருஷம் எங்க சித்தப்பாவுக்கு ராத்திரி நேரத்தில் நெஞ்சுவலி. சித்தூரிலிருந்து திருப்பதிக்குக் கொண்டு போனாங்க. (2022 ஏப்ரல் 4-லேர்ந்து அது வேற மாவட்டம். ஆனாலும் எங்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரின்னா ஒண்ணு வேலூர், இல்லைன்னா திருப்பதி.) ஸ்டென்ட் வைக்கணும், முன்பணம் 85,000 ரூபாய்னு ஆஸ்பத்திரியில் சொன்னாங்க. சித்தப்பா மகன் அவங்க கொடுத்த லிங்கை எனக்குத் தள்ளிவிட்டான். மஸ்கட்டில் அப்போ ராத்திரி பத்தரை, அங்கே பன்னிரண்டு. என் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து கட்டினேன். திரையில் சக்கரம் சுத்திச்சு, சுத்திச்சு, கடைசியில் "மன்னிக்கவும்"னு வந்துச்சு. அதுக்கு முன்னாடியே போனில் டெபிட் எஸ்.எம்.எஸ். வந்தாச்சு.

தம்பி அந்த எஸ்.எம்.எஸ்.ஸின் படத்தைக் கவுன்ட்டரில் காட்டினான். கேஷியர் பையன், "மா சிஸ்டம்லோ ராலேது சார்" என்றான். எங்க சிஸ்டத்தில் வரலை. அவன் மேல் தப்பில்லை. அவன் திரையில் இல்லாத பணத்துக்கு அவன் எப்படி ரசீது போடுவான்? "அண்ணா, நீ பேங்க்லதானே இருக்க, ஏதாவது செய்"னு தம்பி கேட்கிறான். இருபது வருஷத்துக்கு மேல் பேங்க்ல இருக்கேன், அந்த ராத்திரி ஒண்ணும் செய்ய முடியலை. சித்தூர் வெல்ல மண்டியில் எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தர், கல்லாவில் இருந்ததை எடுத்துக்கிட்டு ஒன்றரை மணிக்குக் கார் எடுத்து திருப்பதி போனார். அதுவரைக்கும் சித்தி அந்த வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாங்க. சித்தப்பா பிழைச்சுக்கிட்டார். என் பணம் அஞ்சாம் நாள் திரும்பி வந்தது, "தொழில்நுட்பக் காரணம்" என்ற ஒரு வரியோட.

அந்தத் தொழில்நுட்பக் காரணம் எதுன்னு ஆஸ்பத்திரியும் சொல்லலை, பேங்கும் சொல்லலை. ஆனா இந்த நோயின் அறிகுறி எனக்கு நல்லாவே தெரியும். மஸ்கட்டில் என் வேலையே ரெகன்சிலியேஷன். ரெண்டு பக்கத்துக் கணக்கை வச்சு, எது எங்கே காணோம்னு தேடுறது. நான் சொல்ல வர்றது இதுதான்: இது நெட்வொர்க்கால் வர்ற வியாதி இல்லை. நெட்வொர்க் அறுந்துதான் போகும், மெஷின் செத்துதான் போகும், அது மழை மாதிரி. மழை பெய்யும்னு தெரிஞ்சும் கூரை போடாதவனைத்தான் திட்டணும். பணம் கழிஞ்சதை எழுதுற அதே புத்தகத்தில், அதே கையெழுத்தில், "இந்தச் சேதி இன்னாருக்குப் போகணும்"ங்கிறதையும் எழுதி வைக்காததுதான் காரணம். இதைச் சொல்ல கம்ப்யூட்டர் சயன்ஸ் வேண்டாம், பி.காம். போதும்.

பொட்டி தட்டாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடறேன். முன்னெல்லாம் ஒரு பேங்குக்கு ஒரே பெரிய புரோகிராம், ஒரே பெரிய பேரேடு. இப்போ அதைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குட்டி புரோகிராம், ஒவ்வொண்ணுக்கும் தனிப் பேரேடுன்னு வச்சிருக்காங்க. மைக்ரோசர்வீஸ்னு பேர். ஒரு துண்டு உங்க கணக்கில் கழிக்கும். இன்னொரு துண்டு இந்தியாவுக்குப் பட்டுவாடா அனுப்பும். இன்னொண்ணு எஸ்.எம்.எஸ். அனுப்பும். இவங்க ஒருத்தருக்கொருத்தர் நேராப் பேசிக்க மாட்டாங்க. நடுவில் ஒரு தபாலாபீஸ் இருக்கும், அதில் சேதியைப் போட்டுருவாங்க. காஃப்கா, ராபிட்எம்க்யூ எல்லாம் அந்தத் தபாலாபீஸ் வகையறா. துண்டு போட்டது தப்புன்னு நான் சொல்லலை. ஒரு மூலையில் ரிப்பேர் பண்ண மொத்தக் கடையையும் மூட வேண்டியதில்லைங்கிறது நல்ல விஷயம்தான். ஆனா துண்டு போட்ட இடத்தில் தையல் போடணும் இல்லையா?

எங்க ஆபீஸில் நடந்ததைச் சொல்றேன். எந்த ஆபீஸ், எந்த கம்பெனி சாஃப்ட்வேர்னு கேட்காதீங்க, எனக்கும் குடும்பம் இருக்கு. கழிக்கிற புரோகிராமில் ரெண்டு வரி. முதல் வரி: கணக்கில் கழி, கமிட் பண்ணு. ரெண்டாவது வரி: "பட்டுவாடா செய்"னு தபாலாபீஸில் சேதியைப் போடு. ஒரு சம்பள நாளில், சாயங்காலக் கூட்ட நேரத்தில், யாரோ புண்ணியவான் தபாலாபீஸ் மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிட்டார். முதல் வரி ஓடிச்சு, ரெண்டாவது வரி ஓடலை. இருநூத்திச் சொச்சம் பேருக்குக் கணக்கில் கழிஞ்சது, ஊருக்குச் சேதியே போகலை. அடுத்து வந்தது வெள்ளி, சனி, இங்கே வார விடுமுறை. கட்டடத் தொழிலாளிகள், வீட்டு வேலை செய்யறவங்க, டிரைவர்கள். அங்கே ஊரில் வாடகைக்கும் வட்டிக்கும் காத்துக்கிட்டிருந்த குடும்பங்கள். கவுன்ட்டருக்கு வந்து "சார், அனுப்பலைன்னா எங்க காசு எங்கே?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. காசு எங்கேயும் போகலை, யாருக்கும் தெரியாம எங்க சஸ்பென்ஸ் கணக்கில் உட்கார்ந்திருந்தது.

மீட்டிங் போட்டோம். வெண்டர் தரப்புத் தம்பிகள் ஒரு வாரத்தில் சிரிச்ச முகத்தோட வந்தாங்க. "ஃபிக்ஸ் பண்ணிட்டோம் சார். சேதி அனுப்புற வரியை டிரான்ஸாக்ஷனுக்கு உள்ளேயே போட்டுட்டோம். இனிமே ரெண்டும் சேர்ந்துதான் நடக்கும்."

கேட்க நல்லாத்தான் இருக்கு. படிச்சவங்களே இதில் ஏமாறுறாங்க. டிரான்ஸாக்ஷன்னா என்ன? டேட்டாபேஸ் எல்லாத்தையும் முதலில் பென்சிலில் எழுதுது. கடைசியில் "கமிட்"னு சொன்னதும் மொத்தமும் மையாகுது. நடுவில் ஏதாவது கோளாறுன்னா ரப்பரை எடுத்து மொத்தத்தையும் அழிச்சிடுது, ரோல்பேக். ஆக, எல்லாம் உண்டு, இல்லைன்னா ஒண்ணுமே இல்லை. அருமையான ஏற்பாடு. ஆனா அந்த ரப்பர் டேட்டாபேஸோட நோட்டில் எழுதினதை மட்டும்தான் அழிக்கும். தபால்பெட்டிக்குள் போட்ட கடிதத்தை அழிக்காது. புரோகிராமில் அந்த வரி டிரான்ஸாக்ஷனுக்கு உள்ளே இருக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியுது. ஆனா சேதி அந்த டிரான்ஸாக்ஷனில் சேரவே இல்லை. ஒரே அறையில் நின்னுட்டா புருஷன் பெண்டாட்டி ஆயிடுவாங்களா?

நடந்தது அதேதான். அடுத்த மாசச் சம்பள நாளில் டேட்டாபேஸ் மூச்சு வாங்கிச்சு. பென்சிலில் எழுதியாச்சு, சேதி தபாலுக்குப் போயாச்சு, கமிட் பண்ணும்போது டைம்அவுட். ரப்பர் வந்து அழிச்சது. இங்கே கழியலை, அங்கே பட்டுவாடா ஆயிடுச்சு. மூணு பேருக்கு. ஒருத்தர் நேர்மையா அவரே போன் பண்ணினார். மத்த ரெண்டு பேரிடம் திருப்பி வாங்க நான் பட்ட பாடு தனிப் பதிவு.

இதுல இன்னும் ரெண்டு உபத்திரவம் உண்டு. கமிட் ஆகறதுக்கு முன்னாடியே சேதி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துடும். அது வந்து பேரேட்டைப் பார்த்தா, "அப்படி ஒரு அனுப்புதலே இல்லையே"ன்னு தூக்கி எறியும். அரை நொடி கழிச்சுப் பார்த்திருந்தா இருந்திருக்கும். அப்புறம், தபாலாபீஸ் பதில் சொல்ற வரைக்கும் டிரான்ஸாக்ஷன் திறந்தே கிடக்கும், அந்தக் கணக்கின் பூட்டும் விடாது. தபாலாபீஸ் மெதுவானா பேங்கே மெதுவாகும். சம்பள நாளில் இது என்ன கூத்து அடிக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போ சித்தூருக்குப் போவோம். திருப்பதியில் பி.காம். முடிச்சுட்டு, 2000-களின் தொடக்கத்தில் சித்தூரில் ஒரு கிளையில் கிளார்க்காச் சேர்ந்தேன். கோர் பேங்கிங் எங்க கிளைக்கு வராத காலம். வெல்ல வியாபாரிகளும் மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்களும் டி.டி. எடுக்க வரிசையில் நிற்பாங்க. சேலத்துக்கு ஒண்ணு, வேலூருக்கு ஒண்ணு, சென்னைக்கு நாலு. டி.டி. எடுத்தா ரெண்டு விஷயம் நடக்கணும். வியாபாரி கையில் டி.டி. போகும். கூடவே, "உங்க மேல் இந்த நம்பரில் இவ்வளவு ரூபாய்க்கு டி.டி. கொடுத்திருக்கோம்"னு பணம் தரப்போகிற கிளைக்கு அட்வைஸ் தபாலில் போகணும். அந்த அட்வைஸ்தான் சேதி. மைக்ரோசர்வீஸ்காரங்க மொழியில், ரெண்டு கிளையும் தனித்தனி சர்வீஸ், தனித்தனிப் பேரேடு, நடுவில் நிஜமான தபாலாபீஸ்!

அட்வைஸ் போகாம விட்டுப்போக வாய்ப்பே இல்லாதபடி அந்த ஏற்பாடு இருந்தது. டி.டி. பணத்தை வரவு வைக்கும்போதே கிளைகளுக்கிடையேயான கணக்கில் ஒரு பதிவு விழும். அன்றைக்கு விழுந்த அத்தனை பதிவுகளுக்கும் வரிசையா ஒரு பட்டியல் எழுதணும், எந்தக் கிளை, எந்த நம்பர், எவ்வளவு. சாயங்காலம் அந்தப் பட்டியலின் மொத்தமும் பேரேட்டு மொத்தமும் ஒத்துப்போனாத்தான் டே புக் மூட முடியும். ஒரு ரூபாய் உதைச்சாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, ஹெட் கிளார்க் சாவி தர மாட்டார். பட்டியல் மூடின பிறகுதான் அட்வைஸ்கள் டெஸ்பாட்ச் மேஜைக்குப் போகும். அங்கே இருந்தவர் ஒவ்வொண்ணையும் டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரில் ஏத்தி, ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் சேர்ப்பார். அன்றைக்குத் தபால் ஸ்டிரைக்கா? மறுநாள் போகும். கவர் தொலைஞ்சுதா? பட்டியல் இருக்கு, டூப்ளிகேட் அனுப்பலாம். டி.டி. ரத்தாச்சுன்னா பட்டியலிலும் அது இல்லை, அட்வைஸும் இல்லை.

முக்கியமான இடம் இது. வரவு வைக்கிற கிளார்க் தபாலாபீஸுக்கு ஓடலை. எழுதி வைக்க வேண்டியதை அதே புத்தகத்தில் எழுதினதோட அவர் வேலை முடிஞ்சது. அனுப்புறது இன்னொருத்தர் வேலை, இன்னொரு நேரம். அனுப்பினதும் பக்கத்தில் ஒரு டிக்.

சாஃப்ட்வேரில் இதுக்குப் பேர் அவுட்பாக்ஸ். பணம் கழிக்கிற அதே டேட்டாபேஸில் "அனுப்ப வேண்டியவை"ன்னு ஒரு டேபிள். கணக்கில் கழிக்கிறதும் அந்த டேபிளில் ஒரு வரி போடுறதும் ஒரே டிரான்ஸாக்ஷன். கமிட் ஆனா ரெண்டும் மை, அழிச்சா ரெண்டும் காலி. ஏன்னா இப்போ ரெண்டுமே ஒரே நோட்டில். டெஸ்பாட்ச் கிளார்க் மாதிரி தனியா ஒரு புரோகிராம் அந்த டேபிளைப் பார்த்துப் பார்த்துச் சேதியைத் தபாலாபீஸில் போட்டு டிக் அடிக்கும். அந்த டேபிளை அடிக்கடி தட்டிப் பார்க்கிறது பாரம்னா, டேட்டாபேஸ் தனக்காக எழுதி வச்சிருக்கிற லாக்கையே படிச்சுச் சேதி அனுப்ப டெபீசியம் மாதிரி இலவசக் கருவிகள் இருக்கு. புதுசும் இல்லை. இபே கம்பெனியில் இருந்த டான் பிரிட்செட் 2008-லேயே எழுதினார்: சேதி வரிசையை டேட்டாபேஸ் இருக்கிற இடத்திலேயே வை, ரெண்டையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் முடின்னு. ஒருத்தர் எழுதிப் பதினைஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்மாட்கள் இன்னும் ரெண்டு வரியை மேலே கீழே நகர்த்தி விளையாடிக்கிட்டிருக்காங்க.

மீட்டிங்கில் இதைச் சொன்னதும் முதல் ஆட்சேபம் வந்தது. "சார், அனுப்பிட்டு டிக் அடிக்கறதுக்கு முன்னாடி அந்த மெஷின் செத்தா? எழுந்து வந்து மறுபடி அனுப்புமே, ரெண்டு தடவை பணம் போயிடுமே?" நல்ல கேள்வி. போகும்தான், சேதி ரெண்டு தடவை போகும். சித்தூரிலும் போச்சு. ஆனா பணம் ரெண்டு தடவை போகலை. ஏன்னா அட்வைஸில் நம்பர் இருந்தது. சேலம் கிளையில் இருந்தவர் அந்த நம்பரைப் பார்ப்பார், ஏற்கெனவே பதிஞ்சிருந்தா ரெண்டாவது கடிதத்தை ஃபைலில் போட்டுடுவார். அட்வைஸ் வர்றதுக்கு முன்னாடியே டி.டி. வந்துட்டா அதுக்கும் வழி இருந்தது. பணத்தைக் கொடுத்துட்டு "அட்வைஸ் இன்றிக் கொடுத்த டி.டி."ன்னு தனித் தலைப்பில் பற்று எழுதி, கடிதம் வந்ததும் நேர் செய்வாங்க. தாமதம், தொலைஞ்சது, ரெட்டிப்பு, முன்னே பின்னே வர்றது, எல்லாத்துக்கும் ஒரு தலைப்பு இருந்தது. இப்போ யு.பி.ஐ.யிலும் ஐ.எம்.பி.எஸ்.ஸிலும் ஒவ்வொண்ணுக்கும் 12 இலக்கத்தில் ஆர்.ஆர்.என். இருக்கு. வாங்குற பக்கம் அந்த நம்பரைக் குறிச்சு வச்சு, "இதைப் பார்த்தாச்சு"ன்னு சொல்லத் தெரிஞ்சா போதும். அதையும் பணம் வரவு வைக்கிற அதே டிரான்ஸாக்ஷனில் குறிக்கணும், இல்லைன்னா அதே கதை அந்தப் பக்கம் தொடங்கும்.

ரெண்டாவது ஆட்சேபம், டூ ஃபேஸ் கமிட். டேட்டாபேஸும் தபாலாபீஸும் ஒரு மத்தியஸ்தர் சொன்னபடி சேர்ந்து கமிட் பண்றது. புத்தகத்தில் சரி. ஆனா காஃப்கா அந்த வெளி மத்தியஸ்தத்துக்கு வராது. அதோட டிரான்ஸாக்ஷன் அதன் எல்லைக்குள் மட்டும்தான். மத்தியஸ்தர் நடுவில் செத்தா ரெண்டு பக்கமும் பூட்டைப் பிடிச்சுக்கிட்டு நிற்கும். விடுங்க.

மூணாவதாச் சொன்னதுதான் எனக்கு ரத்தம் கொதிச்சது. "சார், லட்சத்தில் ஒண்ணு இப்படி ஆகும். எண்ட் ஆஃப் த டே ரெகன்சிலியேஷன்ல பிடிச்சுக்கலாமே, அதுக்குத்தானே உங்க டிபார்ட்மென்ட்?" லட்சத்தில் ஒண்ணு! யு.பி.ஐ. 2023 ஆகஸ்டிலேயே மாசத்துக்கு 1,000 கோடி பரிவர்த்தனையைத் தாண்டிடுச்சு. லட்சத்தில் ஒண்ணுன்னா மாசத்துக்கு ஒரு லட்சம் பேர். அதில் ஒருத்தர் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் நிற்கிறார். ராத்திரி பன்னிரண்டுக்கு ரெகன்சிலியேஷன் டிபார்ட்மென்ட் எங்கே இருக்கும்? தூங்கிக்கிட்டு இருக்கும். ரெகன்சிலியேஷன் வேணும், மறுக்கலை. அது எண்ணி முடிச்சபிறகு ஒரு தடவை சரிபார்க்கிறதுக்கு. எண்ணாமலே கட்டு கட்டிட்டு மேலே அனுப்புறதுக்கு இல்லை.

ரெண்டு புத்தகமும் வேற வேற கதை சொன்னா எவ்வளவு தூரம் போகும்னு பார்க்கணுமா? 2023 நவம்பர் 10 முதல் 13 வரை, தீபாவளி சமயம், யூகோ வங்கியில் ஐ.எம்.பி.எஸ். மூலமா 41,000-க்கும் மேற்பட்ட கணக்குகளில் மொத்தம் 820 கோடி ரூபாய் வரவு விழுந்தது. அனுப்பின வங்கிகளின் புத்தகத்தில் அந்தப் பரிவர்த்தனைகள் "தோல்வி". யூகோ புத்தகத்தில் "வரவு". அங்கே கழியாத பணம் இங்கே முளைச்சிருக்கு. சிலர் எடுத்துச் செலவும் பண்ணிட்டாங்க. சில நாளில் 649 கோடியை மீட்டதா வங்கி சொன்னது. மீதிக்கு சி.பி.ஐ. வழக்கு, ஊர் ஊராச் சோதனை. அதன் மூல காரணம் விசாரணை சொல்ல வேண்டியது, நான் தீர்ப்பு எழுதலை. ஆனா என் ஆபீஸ் மூணு பேர் கதையும் இதுவும் பார்க்க ஒரே ஜாடை: ஒரு பக்கம் அழிச்சாச்சு, மறுபக்கம் மை காய்ஞ்சாச்சு.

புத்தகம் பொருந்தலைன்னா பழி எப்பவுமே கீழே இருக்கிறவன் தலையில்தான் விழும். லண்டன் பக்கம் இருக்கிற நண்பர்களுக்கு ஹொரைசன் கதை தெரிஞ்சிருக்கும். பிரிட்டன் தபாலாபீஸ்களில் 1999-லேர்ந்து வந்த கணக்கு சாஃப்ட்வேர். கல்லாவில் குறையுதுன்னு கம்ப்யூட்டர் சொன்னா, அந்தக் கடைக்காரர் திருடன். இப்படி 900-க்கும் மேற்பட்டவங்க தண்டிக்கப்பட்டாங்க, அதில் நம்ம நாட்டுக்காரங்களும் உண்டு. ஜெயிலுக்குப் போனவங்க இருக்காங்க, வீட்டை வித்தவங்க இருக்காங்க. சாஃப்ட்வேரில்தான் பிழைன்னு 2019 டிசம்பரில் ஹைகோர்ட் சொன்னது. அந்தத் தீர்ப்பில் வர்ற பல பிழைகளில் ஒண்ணுக்குப் பேரே "வரவும் செலவும் பொருந்தாத பிழை". 2024 மே மாசம் தனிச் சட்டம் போட்டுத்தான் தண்டனைகளை ரத்து பண்ண வேண்டியிருந்தது. எங்க திருப்பதி கேஷியர் பையனை நினைச்சுக்கிட்டேன். அவன் அன்றைக்கு மனசு இளகி ரசீது போட்டிருந்தா, சாயங்காலம் அவன் கல்லாவில் 85,000 குறைஞ்சிருக்கும்.

சரி, ரிசர்வ் வங்கி என்ன பண்ணுதுன்னு கேட்பீங்க. 2019 செப்டம்பர் 20-ல் ஒரு சுற்றறிக்கை போட்டாங்க, அக்டோபர் 15-லேர்ந்து அமல். நம்ம மக்களுக்கு உபயோகமான விஷயம்ங்கிறதால கொஞ்சம் விவரமாச் சொல்றேன். யு.பி.ஐ.யில் ஒருத்தருக்கு அனுப்பி, உங்களுக்குக் கழிஞ்சு அவருக்குப் போகலைன்னா, மறுநாளுக்குள் பணம் தானா திரும்பணும். கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ கட்டினதா இருந்தா 5 நாளுக்குள். ஏ.டி.எம்.மில் பணம் வராம கணக்கில் கழிஞ்சாலும் 5 நாள். தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. நீங்க புகார் கொடுக்க வேண்டியதே இல்லை, வங்கி தானே வரவு வைக்கணும். வைக்கலைன்னா எழுதிக் கேளுங்க, 30 நாளில் பதில் இல்லைன்னா ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மன். கேட்கும்போது ஸ்கிரீன் படத்தை மட்டும் அனுப்பாதீங்க, ஆர்.ஆர்.என். நம்பரைக் கொடுங்க. அந்த நம்பர் இல்லாம என்னை மாதிரி ஆளால் எதையும் தேட முடியாது. இன்னொண்ணு: இது இந்தியாவுக்குள்ளேயே நடக்கிற பரிவர்த்தனைக்கு மட்டும். என்.ஆர்.இ. கணக்கிலிருந்து கட்டினா உண்டு. மஸ்கட் கணக்கிலிருந்தோ துபாய் எக்ஸ்சேஞ்சிலிருந்தோ அனுப்பினதுக்குக் கிடையாது, அங்கங்கே உள்ள சட்டம்தான்.

நல்ல சுற்றறிக்கை. குறை சொல்ல மனசு வரலை. ஆனா பாருங்க, என் பணம் அஞ்சாம் நாள் வந்துச்சு இல்லையா? விதிப்படி சரியா கெடுவுக்குள். ஒரு பைசா நஷ்டஈடு கிடையாது. ஆஸ்பத்திரி, வங்கி, சாஃப்ட்வேர் கம்பெனி, யாரும் எந்த விதியையும் மீறலை. எல்லார் ரிப்போர்ட்டிலும் பச்சை நிறம். எங்க தம்பிகள் அந்த 5 நாளை அபராதக் கெடுன்னு பார்க்கலை, தங்களுக்குக் கிடைச்ச வசதின்னு பார்க்கிறாங்க. "டி பிளஸ் ஃபைவ் இருக்கே சார்"னு ஒருத்தர் என்னிடமே சொன்னார். அதுவும் இந்தியாவின் விதியை, மஸ்கட்டில்!

அவுட்பாக்ஸ் போட எவ்வளவு செலவாகும்னு கேட்டதுக்கு வந்த மதிப்பீடு, மூணு பேருக்கு மூணு வாரம். ஒரு டேபிள், ஒரு டெஸ்பாட்ச் புரோகிராம், வாங்குற பக்கம் நம்பர் சரிபார்க்க ஒரு டேபிள், பழைய வரிகளைக் கழிச்சுக்கட்ட ஒரு ராத்திரி வேலை. நான் கூடுதலா ஒண்ணு கேட்டேன்: அனுப்பாம கிடக்கிற வரிகளில் ரொம்பப் பழசு எத்தனை நிமிஷம் பழசுன்னு ஒரு எண்ணை என் திரையில் காட்டணும். அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா என் போன் அடிக்கணும், வாடிக்கையாளர் போன் அடிக்கறதுக்கு முன்னாடி. அதுக்கு வந்த பதில், "அடுத்த ரிலீஸில் பார்க்கலாம் சார், இப்போ ஆப்போட புது லுக் முடிக்கணும்." பட்டன் நிறம் மாத்த நாலு பேர் ரெண்டு மாசம் உட்கார்ந்திருக்காங்க.

அதனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன். வெண்டருக்கு அடுத்த தவணை போக என் டிபார்ட்மென்ட் கையெழுத்து வேணும். வர்ற ஞாயிற்றுக்கிழமை டெமோ. ஒரே ஒரு சோதனை கேட்டிருக்கேன். பணம் கழிச்ச பிறகு, சேதி போகறதுக்கு முன்னாடி, அந்த ரெண்டு வரிக்கு நடுவில் மெஷினை நிறுத்துங்க. அப்புறம் ஆன் பண்ணி, அந்தப் பணம் எங்கே இருக்குன்னு எனக்குக் காட்டுங்க. நேத்து சாயங்காலம் மெயில் வந்திருக்கு: "இது எங்கள் டெஸ்ட் கேஸ் பட்டியலில் இல்லை, நிஜத்தில் இப்படி நடக்க வாய்ப்புக் குறைவு." அந்த இருநூத்திச் சொச்சம் பேர் பட்டியலை இணைச்சு, பதில் அனுப்பியிருக்கேன்.